அறுபது வயதில் திரும்பி வரும் போர்

சென்னை எம்.கே.பி. நகரிலிருந்து மணலிக்கும் எண்ணூருக்கும் ராத்திரி ஷிப்ட் போகிற செக்யூரிட்டிகளில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. கன்டெய்னர் யார்டில் கிரேன் பெட்டியை ட்ரெய்லர் மேல் இறக்கும்போது இரும்போடு இரும்பு மோதும். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒருவர் மட்டும் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்பார். நாற்காலியையும் எப்போதும் சுவருக்கு முதுகு கொடுத்து, கேட்டைப் பார்த்துத்தான் போட்டுக்கொள்வார். மிலிட்டரிக்காரர் பழக்கம் என்று விட்டுவிடுகிறோம். அது பழைய போரின் காயமாகவும் இருக்கலாம்.

1990 மார்ச் 24 அன்று, இலங்கைக்குப் போயிருந்த இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்ற கோபம் இந்த ஊரில் நிஜமாகவே இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் 32 மாதங்களில் சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்த அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். கண்டதையும் செய்ததையும் அவர்கள் ஊரில் யாரிடம் சொல்லியிருக்க முடியும்? போரிலிருந்து வந்தவனுக்கு ஆதரவாகக் கேட்க ஆளில்லை என்றால் மனக்காயம் ஆறாமல் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். மனநல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது.

அன்று இருபத்துச் சொச்ச வயதுப் பையன்களுக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. என் கவலை இங்கேதான். சிப்பாய்க்கு நாற்பதுக்குள்ளேயே பென்ஷன் வந்துவிடும். பிறகு செக்யூரிட்டி வேலை, பெண் கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஓடியே காலம் போகும். அந்த ஓட்டம் நிற்கும்போது, மனைவி போய்விடும்போது, உடம்பு படுத்துவிடும்போது பழைய போர் தூக்கத்தில் ஏறிக்கொள்கிறது. இரண்டாம் உலகப்போருக்கும் வியட்நாமுக்கும் போனவர்களிடம் மருத்துவர்கள் இதை முதுமையில் பார்த்திருக்கிறார்கள்.

புது நோயல்ல இது. முல்லைப்பாட்டின் அரசன் பாசறையில் தூங்காமல் கிடக்கிறான். புண்பட்ட யானைகளும் அம்பு தைத்த குதிரைகளும் விழுந்த வீரர்களும் அவன் நினைவை விட்டுப் போகவில்லை. கி.மு. 490-ல் மாரத்தான் போர்க்களத்தில் உடம்பில் ஒரு காயமும் படாமலே பார்வை இழந்த எபிசெலஸ் என்ற வீரனைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். முதல் உலகப்போரின்போது, 1915-ல், 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ இதழில் ஏறியது. அதே போரில் கோழைத்தனம், ஓடிப்போதல் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டன் தன் படையினர் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. மன்னிப்பு வழங்கியது 2006-ல். இந்த மனக்காயத்துக்கு 'பி.டி.எஸ்.டி.' என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெயர் வைத்ததே 1980-ல்தான்.

2022 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு தந்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நம் முப்படைகளிலும் தற்கொலை செய்துகொண்டவர்கள் 819 பேர். எல்லாமே போரால் அல்ல. ஆனால் பென்ஷன் வாங்கி ஊர் திரும்பியவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

எனவே வீட்டில் உள்ளவர்கள் கவனியுங்கள். திரும்பத் திரும்ப ஒரே கெட்ட கனவு, தீபாவளி வந்தாலே பதற்றம், காரணமில்லாத எரிச்சல், துக்கவீடு, கூட்டம் எதற்கும் போகாமல் ஒதுங்குவது: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது குணம் அல்ல, நோயாக இருக்கலாம். மிலிட்டரி கேண்டீன் சரக்கு தூங்க வைப்பதுபோல் இருக்கும். ஆனால் நடுராத்திரி தூக்கத்தை உடைத்து, கனவை இன்னும் மோசமாக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை அதோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். வருடக்கணக்கில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பது இருக்கிற கொஞ்சத் தூக்கத்தையும் தின்றுவிடும்.

இதற்குச் சிகிச்சை உண்டு, முப்பது வருடம் கழித்தும் பலனளிக்கும். முன்னாள் படைவீரர்களுக்கு இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை நம் பகுதிக்குப் பக்கம்தான். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம். தனியாகவும் விட வேண்டாம்.

ராத்திரி அவர் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள்; அந்த நொடியில் நீங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. லைட்டைப் போட்டு, கால்மாட்டுப் பக்கம் தள்ளி நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சின்ன வீடுதான், ஒரே அறைதான். ஆனாலும் பேரப்பிள்ளையை அவர் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள்.