வீடியோ மீட்டிங் பிளான்: ஆளை எண்ணாதீங்க, ஹோஸ்டை எண்ணுங்க!



அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எனக்கு ஒரு க்ளையண்ட் இருக்கார். வண்டி பாகங்கள் செய்யற சின்ன யூனிட், ஆபீஸ்ல 12 பேர். புனே கஸ்டமரோட ரேட் பேசிட்டிருக்கும்போது பாதியில கால் கட்! இலவச பிளானோட நேரம் முடிஞ்சுபோச்சு. மறுபடி லிங்க் அனுப்பறதுக்குள்ள பர்ச்சேஸ் மேனேஜர் வேற வேலைக்குப் போயிட்டார். அந்தக் கடுப்புல அன்னிக்கு ராத்திரியே 12 பேருக்கும் வருஷ பிளான் வாங்கிட்டார். கணக்கு முடிக்கும்போதுதான் பில் என் கண்ணுல பட்டது.

நீங்களும் பிளான் எடுக்கப் போறீங்களா? இந்த நாலு விஷயத்தைப் பாத்துட்டு எடுங்க.

1. காசு ஹோஸ்டுக்குத்தான்

பெரும்பாலான பிளான்கள்ல மீட்டிங்கைத் தொடங்கறவருக்குத்தான் லைசென்ஸ் வேணும். லிங்க்கைத் தட்டி உள்ள வர்றவங்களுக்கு வேண்டாம். போன மாச காலண்டரைத் திறந்து, ஒரே நேரத்துல அதிகபட்சம் எத்தனை மீட்டிங் நடந்தது, அதை யார் யார் நடத்தினாங்கன்னு எண்ணுங்க. என் க்ளையண்டுக்கு விடை இரண்டு: சேல்ஸ் ஒண்ணு, குவாலிட்டி ஒண்ணு.

கணக்குக்காக ஒரு ஹோஸ்டுக்கு மாசம் ₹1,200 வச்சுக்குவோம். 12 பேருக்கு வருஷம் ₹1,72,800. இரண்டு பேருக்கு ₹28,800. வித்தியாசம் ₹1,44,000! அதுக்காக ஒரே பாஸ்வேர்டைப் பத்து பேருக்குப் பங்கு போடாதீங்க. ஆள் மாறினா, அட்மின் பக்கத்துல லைசென்ஸை மாத்திக் கொடுங்க.

2. ஏற்கெனவே கையில இருக்கா?

ஜூம் இலவச பிளான்ல 100 பேர், 40 நிமிஷம். கூகுள் மீட்ல இலவசமா 100 பேர். மூணு பேருக்கு மேல் போனாலும் சரி, மூணே பேர்னாலும் சரி, 60 நிமிஷம்தான். ஆனா கம்பெனி மெயிலுக்காக கூகுள் வொர்க்ஸ்பேஸுக்குக் காசு கட்டறீங்கன்னா, அதுக்குள்ளயே மீட் இருக்கு, இந்த 60 நிமிஷத் தடையும் இல்ல. டீம்ஸ் சேர்ந்த மைக்ரோசாஃப்ட் 365 வச்சிருந்தாலும் இதே கதைதான். வீட்ல அரிசி இருக்கும்போது கடையில எதுக்கு வாங்கணும்? ரெக்கார்டிங் கட்டாயம் வேணுமான்னு மட்டும் பாருங்க. பல இடத்துல அது மேல் பிளான்லதான் வரும்.

3. ஜிஎஸ்டி

பில்லுல 18% ஜிஎஸ்டி வரும். நீங்க ரெகுலர் ஸ்கீம்ல இருந்தா, வாங்கும்போதே ஜிஎஸ்டி நம்பரைக் கொடுங்க. அந்த வரியை இன்புட் கிரெடிட்டா எடுக்கலாம். நம்பர் கொடுக்க மறந்தா அது செலவுதான். காம்போசிஷன்ல இருக்கறவங்களுக்குக் கிரெடிட் கிடையாது, அதனால 18% சேர்த்தே விலையை ஒப்பிடுங்க.

பில் போடறது வெளிநாட்டுக் கம்பெனியா? அப்போ நம்பர் கொடுத்தவங்க ரிவர்ஸ் சார்ஜ்ல வரியைத் தாங்களே ரொக்கமா கட்டிட்டு, அப்புறம் கிரெடிட் எடுக்கணும். கார்டுல ஃபாரக்ஸ் மார்க்கப்பும் விழும். ஜோஹோ மீட்டிங் மாதிரி ரூபாயில இந்திய பில் தர்ற சேவைல இந்தத் தலைவலி இல்ல.

4. மாசமா, வருஷமா?

வருஷ பிளான்ல மாச விலை குறையும். ஆனா நடுவுல ஆள் குறைஞ்சா பணம் திரும்பி வர்றது கஷ்டம். முதல் மூணு மாசம் மாச பிளான்ல ஓட்டிப் பாருங்க. தேவை நிலைச்சா வருஷத்துக்கு மாறுங்க.

ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த மாதிரி சப்ஸ்கிரிப்ஷனுக்கு ₹15,000 வரை ஓடிபி இல்லாம ஆட்டோ டெபிட் ஆகும். 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரும். அதைப் படிக்காம தள்ளிவிட்டா, வேலையை விட்டுப் போனவர் பேர்லயும் மாசாமாசம் காசு போயிட்டே இருக்கும்!

என் க்ளையண்ட் ரென்யூவல்ல இரண்டு ஹோஸ்டுக்கு இறங்கிட்டார். மீட்டிங் எதுவும் நிக்கல. ஆவடி, பூந்தமல்லி பக்கம் சின்ன யூனிட் நடத்தறவங்களுக்கும் இதே கணக்குதான். இன்னிக்கே காலண்டரைத் திறந்து எண்ணிப் பாருங்க.