முகம் பார்த்துச் சொல்லும் 'சரி'

சனிக்கிழமை காலை, தாசேக் கெலுகோர் சந்தை. பலகாரம் விற்கும் மலாய் அம்மா, மக்சிக், வாழையிலைத் துண்டில் ஓர் ஓண்டே-ஓண்டேயை வைத்து அம்மாவிடம் நீட்டினார். "அச்சி, ராசா டூலு." முதலில் ருசி பாருங்கள். விலையோ பலகாரத்தின் பெருமையோ அவர் வாயில் வரவில்லை. கடித்ததும் உள்ளிருந்த குலா மெலாக்கா பாகு உடைந்து நாக்கில் பரவியது. அம்மா இரண்டு பொட்டலம் வாங்கினார். அவருக்குச் சர்க்கரை நோய்.

"முகத்துக்கு நேரா எப்படிப்பா வேணாம்னு சொல்றது?" என்றார்.

இதைத்தான் முகதாட்சண்யம் என்கிறோம். மலாயில் 'ஆயர் மூகா', முகத்தின் நீர். அது விழுந்தால் மானம் போயிற்று. ஹொக்கியன் பேசும் சீனர்களுக்கும் மானம் முகத்தில்தான் இருக்கிறது. வாதத்தில் தோற்காத மனிதர்கள் இங்கே முகத்தைப் பார்த்ததும் இணங்கிவிடுகிறார்கள்.

எது நம்மை இணங்கவைக்கிறது என்பதை ஆராய, 1999இல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் அமெரிக்க, போலந்து மாணவர்களிடம், ஒரு கருத்தாய்வில் பங்கேற்பீர்களா என்று கேட்டார்கள். முன்பு நாமே இதற்கு இணங்கியிருக்கிறோம் என்ற நினைப்பு அமெரிக்கர்களை அதிகம் இழுத்தது. தோழர்கள் இணங்கினார்கள் என்ற நினைப்பு போலந்து மாணவர்களை அதிகம் இழுத்தது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் நாடு அல்ல, ஒவ்வொருவரும் தன்னைத் தனி ஆளாக நினைக்கிறாரா, கூட்டத்தில் ஒருவராக நினைக்கிறாரா என்பதுதான். ஆகவே 'தமிழர் இப்படி, சீனர் அப்படி' என்று முத்திரை குத்துவது தவறு.

ஆனாலும் இடத்துக்கு இடம் வழக்கம் மாறத்தான் செய்கிறது. ஆய்வாளர் மைக்கேல் மோரிஸ் குழுவினர் பல நாட்டு சிட்டிபேங்க் ஊழியர்களை ஆராய்ந்தபோது, உதவி கேட்டு வரும் சகாவைப் பற்றி ஜெர்மானியர்கள் 'விதி இடம் தருகிறதா?' என்று யோசித்தார்கள். ஸ்பெயின்காரர்களோ 'என் நண்பர்களுக்கு வேண்டியவரா?' என்று பார்த்தார்கள்.

நம் சுகாதாரப் பிரசாரங்கள் பெரும்பாலும் அந்த ஜெர்மானியருக்காகவே எழுதப்படுகின்றன. கிளினிக்கில் தந்த துண்டறிக்கை எங்கள் ஐஸ்பெட்டியின் மேல் தொங்குகிறது. எண்களெல்லாம் சரி. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை மக்சிக் மறுபடி இலையை நீட்டியபோது, தனக்கு 'கெஞ்சிங் மானிஸ்', சர்க்கரை நோய், என்று அம்மா கூச்சத்தோடு சொன்னார். மக்சிக் சட்டென்று இலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அச்சி, தாக் போலே!" கூடவே கூடாது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ சொன்னார். அன்று நாங்கள் வாங்கிவந்தது அவித்த கடலை மட்டும்.

"அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று சொல்லி, வீட்டில் இருந்த லட்டையும் அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.