திருகு மூன்று, சாட்சி ஒன்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கோவில்பட்டி மொட்டைமாடியில் நியூட்டன் வகைத் தொலைநோக்கி வைத்திருப்பவருக்குக் கவலையெல்லாம் புழுதிதான். கரிசல் மண்ணில் ஈரம் பட்டால் உப்பிப் பிசுபிசுக்கும் களி அதிகம். குழியாடியில் படிந்த புழுதியை ஈரத்துணியால் துடைத்தால் சேறாக இழுபடும். கூடவே மணல்துகள் அலுமினியப் பூச்சைக் கீறும். கழுவும் முறை அன்றும் இன்றும் ஒன்றே: முதலில் தண்ணீரைத் தாராளமாக ஓடவிட வேண்டும். பிறகு சொட்டு சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் நகர்த்தி, காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, சாய்த்து உலர்த்த வேண்டும்.

மாறியிருப்பது அடுத்த வேலை. கழற்றிய ஆடியைத் திரும்பப் பொருத்தும்போது அது பழைய கோணத்தில் உட்காராது.

அன்று அதைச் சரிசெய்யும் கருவி, பிலிம் ரோல் டப்பா. அடியை வெட்டி, மூடியின் நடுவில் துளையிட்டு, கண்ணருகுக் குழாயில் செருகுவார்கள். உள்ளே 45 பாகை சாய்ந்த சிற்றாடி, அதில் குழியாடி, அதற்குள் சிற்றாடியின் நிழல், நடுவே பார்ப்பவரின் கண். எல்லாம் ஒரே மையத்துக்கு வர ஆள் இரண்டு வேண்டும். "தம்பி, கீழ்த் திருகு கால் சுற்று." "போதுமாண்ணே?" "கூடிப்போச்சு, கொஞ்சம் திருப்பு."

இன்று பிலிம் ரோல் அரிது, லேசர் வந்துவிட்டது. செம்புள்ளி குழியாடியின் மைய வளையத்தில் விழச் சிற்றாடியைத் திருப்பி, அது வந்த வழியே திரும்பக் குழியாடியின் மூன்று திருகுகளைத் திருப்பினால், தனியாளே முடித்துவிடலாம். ஆனால் லேசரே கோணியிருந்தால்? குழாயில் வைத்துச் சுழற்றினால் புள்ளி வட்டமடிக்கும். அதை முதலில் சரிசெய்ய வேண்டும். குழாய் குட்டையானால் கவனமும் கூடுதலாக வேண்டும். குவிய விகிதம் (குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தது) 8 கொண்ட நீளக் குழாயை விட, 5 கொண்ட குட்டைக் குழாயில் பிம்பம் கூர்மையாக இருக்கும் மையப்பகுதி ஏறத்தாழ கால் பங்குதான்.

விண்வெளியிலும் இதே வேலைதான். 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 ஆடித் துண்டுகளை மோட்டார்கள் நகர்த்தின. சரியா என்று சொன்னது ஒரே விண்மீன்: 18 புள்ளிகளாகச் சிதறியிருந்தது, ஒன்றாகச் சேர்ந்தது.

நம் ஊரிலும் கடைசிச் சாட்சி விண்மீனே. நூல்கள் துருவ விண்மீனைச் சொல்லும். நமக்கு அது அடிவானத்திலிருந்து 9 பாகைதான், புழுதிக்குள் மங்கிக் கிடக்கும். ஆடிப் புழுதியைக் கழுவிய கையோடு, ஆவணி நடுவில் இரவு ஒன்பது மணியளவில் அண்ணாந்து பாருங்கள்: கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே திருவோணம். உருப்பெருக்கத்தைக் கூட்டி, குவியத்தைச் சற்றே விலக்குங்கள். விண்மீன் வளையங்களாக விரியும். அவை ஒருபக்கம் ஒதுங்கினால், லேசர் என்ன சொன்னாலும், திருகு இன்னும் பாக்கி. ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே மையத்தில் நின்றால் திருப்புளியைக் கீழே வையுங்கள்.