மெர்த்திர் உறுப்பினரின் சாட்சியம்

1966-இல் நிலக்கரிக் கழிவுக்குன்று சரிந்து ஒரு பள்ளியைப் புதைத்த அபர்வான் விபத்தை விசாரித்த ஆணையத்தின் முன் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் எஸ்.ஓ. டேவிஸ். தென் வேல்ஸின் மெர்த்திர் டிட்வில் தொகுதிக்கு 1934 முதல் நாடாளுமன்ற உறுப்பினர். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். பிறகு படித்துப் பட்டம் பெற்று, சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்து அரசியலுக்கு வந்தவர். அப்போது எண்பதை ஒட்டிய வயது. அவர் சொன்னதன் சாரம் இது: மலையில் குவிந்திருந்த அந்தக் கழிவுக்குன்று என்றாவது சரிந்து வரும் என்று தமக்கு நெடுநாளாகவே பயம் இருந்தது. ஆனால் அதை அழுத்திக் கேட்டால் சுரங்கத்தையே மூடிவிடுவார்கள் என்ற சந்தேகமும் இருந்தது. அதனால் அழுத்திக் கேட்கவில்லை.

ஆணையம் இந்தச் சாட்சியத்தை அப்படியே ஏற்கவில்லை. தாம் சொல்வதன் பாரம் அவருக்கு முழுதாகப் புரிந்திருக்கிறதா என்றே ஐயப்பட்டது. எனக்கோ, அபர்வானைப் பற்றிய அத்தனை ஆவணங்களிலும் மனதை விட்டு அகலாத இடம் இதுதான். ஓர் ஊரின் குரலாக அரசிடம் போக வேண்டிய மனிதர், அந்த ஊரின் சோற்றுக்காகவே வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்கிறார். அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அபர்வானும் அதை அடுத்த மெர்த்திர் வேல் கிராமமும் ஒரே சுரங்கத்தை நம்பி வாழ்ந்தவை. சுற்றிலும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. நிலக்கரித் தொழில் 1947-லேயே அரசுடைமை ஆகியிருந்தது; ஆகவே புகார் சொல்லவேண்டிய இடமும், சம்பளம் கொடுக்கும் இடமும், மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடமும் ஒன்றேதான்: தேசிய நிலக்கரி வாரியம். கழிவைக் கொட்ட வேறு இடம் கேட்டால் செலவு கூடும். செலவு கூடினால் அந்தச் சுரங்கம் நஷ்டக் கணக்கில் சேரும். இந்தக் கணக்கு அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் மனப்பாடம்.

ஊரோ வாயைத் திறந்து பேசிக்கொண்டுதான் இருந்தது. 1963-இல் மெர்த்திர் நகராட்சியின் பொறியாளர் ஒருவர், அபர்வானின் பான்ட்கிளாஸ் பள்ளிக்குப் பின்னால் கழிவுச் சேறு கொட்டப்படுவதன் அபாயம் என்றே தலைப்பிட்டுக் கடிதங்கள் எழுதினார். 1964 தொடக்கத்தில் கவுன்சிலர் க்வினெத் வில்லியம்ஸ், குன்று நகர்ந்தால் பள்ளிக்கே ஆபத்து என்று நகரமைப்புக் குழுவில் சொன்னார். 1965-இல் தாய்மார்கள் மனு கொடுத்தார்கள்; மழை பெய்தால் மலையிலிருந்து கரிய தண்ணீர் பள்ளியைச் சூழ்கிறது என்பது அவர்கள் குறை. மனு தலைமை ஆசிரியையிடம் போயிற்று, அங்கிருந்து நகராட்சிக்குப் போயிற்று. கடிதங்களுக்குப் பதில்கள் வந்தன. கழிவு கொட்டுவது நிற்கவில்லை.

கொட்டிய இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஏழு குன்றுகள். ஏழாவதை 1958-இல் தொடங்கினார்கள். அதன் அடியில் ஊற்று இருந்தது. ஊர்க்காரர்கள் அறிவார்கள், அரசு அச்சிட்ட வரைபடத்திலும் நீரோட்டம் குறித்திருந்தது. நீர் கசியும் மண்ணின் மேல், நிலக்கரியைக் கழுவி எஞ்சிய மெல்லிய தூளையும் சேர்த்துக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே முன்னுதாரணமும் உண்டு: 1944-இல் நான்காம் குன்று சரிந்தது, 1963-இல் ஏழாம் குன்றே சரிந்தது. இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. அதனால் இரண்டையும் யாரும் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. இடைப்பருவ விடுமுறைக்கு முந்தைய கடைசிப் பள்ளி நாள். காலை ஒன்பதேகால் மணிக்கு ஏழாம் குன்று குழம்பாகி மலையிலிருந்து இறங்கியது. பான்ட்கிளாஸ் பள்ளியும் பக்கத்துத் தெருவின் வீடுகளும் புதைந்தன. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். பிறகு நடந்த மரண விசாரணையில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறலே காரணம் என்று வாசித்தபோது, தகப்பன் எழுந்து, என் பிள்ளையை நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று பதிவு செய்யுங்கள் என்று கேட்டார்.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான ஆணையம் 76 நாள் விசாரித்தது. பழி வாரியத்தின் மேல்தான் என்று 1967 ஆகஸ்டில் வெளியான அறிக்கை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. ஒருவர் மேலும் வழக்கு இல்லை, ஒருவருக்கும் வேலை போகவில்லை. வாரியத் தலைவர் ராபன்ஸ் பிரபு விலகல் கடிதம் கொடுத்தார், அரசு ஏற்கவில்லை.

எஸ்.ஓ. டேவிஸின் கதை அதோடு முடியவில்லை. சாட்சியத்தோடு அவரை நிறுத்திவிடுபவர்கள் அவருக்கு அநியாயம் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மலையில் மீதிக் குன்றுகள் அப்படியே இருந்தன. பிள்ளைகளைப் புதைத்த மக்கள் தினமும் காலையில் கதவைத் திறந்தால் எதிரே அவைதான். அகற்றுங்கள் என்றார்கள். அவற்றால் ஆபத்தில்லை, அகற்றச் செலவு அதிகம் என்று பதில் வந்தது. பொறுமை இழந்த ஊரார் கழிவைப் பைகளில் அள்ளிக்கொண்டு போய் கார்டிஃபில் வேல்ஸ் விவகார அமைச்சக அலுவலகத்தில் கொட்டினார்கள். அப்போது அமைச்சர் ஜார்ஜ் தாமஸ், அவரும் தென் வேல்ஸ்காரர்தான். அகற்ற அரசு கடைசியில் சம்மதித்தது. ஆனால் செலவில் ஒரு பங்கை ஊரே தரவேண்டும் என்றது. உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அனுப்பிய துயர்துடைப்பு நிதி ஏறத்தாழ 17.5 லட்சம் பவுண்டு சேர்ந்திருந்தது. அதிலிருந்து 1,50,000 பவுண்டு கேட்டார்கள். குற்றவாளி என்று ஆணையமே சொன்ன வாரியத்தின் குப்பையை அள்ளுவதற்கு, செத்த பிள்ளைகளின் பெயரால் வந்த காசு. இதைவிடக் கொடிய ஒரு கணக்கை ஓர் அரசு போட்டதாக நான் அறியவில்லை.

நிதியை நிர்வகித்த குழு 1968 ஆகஸ்டில் பணத்தைக் கொடுத்தது. அந்தக் குழுவில் இருந்த டேவிஸ் எதிர்த்தார், குழுவிலிருந்து விலகினார். அவருடைய தொழிற்கட்சிதான் ஆட்சியில் இருந்தது. கட்சிக் கட்டுப்பாட்டை மீறியவர் என்ற பெயர் அவருக்குப் பழையது. ஆனால் இந்த முறை அவர் நின்றது ஒரு கொள்கைக்காக மட்டுமல்ல, தாம் ஒரு காலத்தில் பேசாமல் விட்ட அதே தெருக்களுக்காக.

1970 தேர்தலில் வயதாகிவிட்டது என்று உள்ளூர்த் தொழிற்கட்சி அவருக்கு இடம் மறுத்தது. சுயேச்சையாக நின்றார். கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரை ஏழாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். தொழிற்கட்சியின் கோட்டையான மெர்த்திரில் அது சாதாரண விஷயமில்லை. 1968-இல் அவர் செய்ததை ஊர் மறக்கவில்லை என்றுதான் அந்த வாக்குகளை நான் வாசிக்கிறேன். உறுப்பினராகவே 1972-இல் இறந்தார்.

அந்த 1,50,000 பவுண்டு திரும்பி வர 1997 ஆயிற்று. வேல்ஸ் அமைச்சரான ரான் டேவிஸ் திருப்பிக் கொடுத்தார். வட்டி இல்லாமல், இடைப்பட்ட முப்பது ஆண்டில் பணத்தின் மதிப்பு தேய்ந்ததைக் கணக்கில் எடுக்காமல். 2007-இல் கார்டிஃபில் இருந்த வேல்ஸ் அரசு மேலும் 20 லட்சம் பவுண்டைக் கொடுத்தது. அதற்குள் வேல்ஸுக்கென்று தனி அவை வந்திருந்தது. 1955-லேயே வேல்ஸுக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று லண்டன் அவையில் மசோதா கொண்டுவந்து தோற்றவர் எஸ்.ஓ. டேவிஸ். 1999-இல் அமைந்த அவைக்கு இன்று செனெத் என்று பெயர்.

மக்களுக்கும் அவைக்கும் இடையே தூரம் குறைந்ததில் ஒரு பயன் உண்டு. இன்று அபர்வான் தாய்மார்களைப் போன்றவர்கள் ஒரு மனுவில் 250 கையெழுத்து சேர்த்தால், செனெத்தின் மனுக்குழு அதை எடுத்துப் பார்க்கவேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் முதல்வர் எழுந்து பதில் சொல்லவேண்டும். உறுப்பினர் கேட்பது ஒரு தெருவின் சாக்கடையைப் பற்றியதாக இருந்தாலும் அது அவைக் குறிப்பில் ஏறும், பதிலும் ஏறும்.

ஆனால் குன்றுகள் இன்னும் இருக்கின்றன. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயலின்போது ரோண்டா பள்ளத்தாக்கில் டைலர்ஸ்டவுனுக்கு மேலிருந்த பழைய கழிவுக்குன்று சரிந்து ஆற்றில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வேலை நடந்தது: கைவிடப்பட்ட குன்றுகள் மொத்தம் எத்தனை என்று எண்ணத் தொடங்கினார்கள். வேல்ஸில் 2,500-க்கு மேல் என்று தெரிந்தது. அபர்வானுக்குப் பின் 1969-இல் வந்த சட்டம் இயங்கிக்கொண்டிருந்த சுரங்கங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. சுரங்கங்கள் மூடிய பிறகு அனாதையாக நின்ற குன்றுகளுக்கு அதில் சரியான காவல் இல்லை. தவிர, செலவு யாருடையது என்ற தகராறு. அதிகாரம் உங்களிடம் வந்துவிட்டது, நீங்களே பாருங்கள் என்றது லண்டன். இந்தக் கரி எரிந்தபோது எங்களுக்கு அவையே கிடையாது, லாபம் எங்கே போனதோ செலவும் அங்கேயே என்றது கார்டிஃப். என் மனம் கார்டிஃபின் பக்கம்.

இந்தச் சண்டைக்கு நடுவே விஷயத்தை ஆறவிடாமல் திரும்பத் திரும்ப அவையில் எழுப்பியவர்களில் அப்போது தென்கிழக்கு வேல்ஸின் உறுப்பினராக இருந்த டெலித் ஜூவல் முக்கியமானவர். 2024 நவம்பரில் பெர்ட் புயல் அடித்தபோது அவருடைய பகுதியில் இருந்த கும்டிலெரியிலேயே ஒரு குன்று சரிந்தது. ஞாயிறு இரவு, மழைக்கு நடுவே, மேலிருந்த குன்றிலிருந்து கரிய சேறு தெருவுக்குள் இறங்கியது. ஏறத்தாழ நாற்பது வீடுகளைக் காலி செய்தார்கள். அந்தக் குன்று யாருக்கும் தெரியாத குன்று இல்லை. அரசின் வரிசையில் மிகக் கூடுதலான கண்காணிப்பு தேவைப்படும் ‘டி’ பிரிவில் இருந்தது.

அடுத்த மாதமே கைவிடப்பட்ட சுரங்க, கல்குவாரிக் கழிவுக்குன்றுகளுக்கான மசோதா செனெத்துக்கு வந்தது. 2025 ஜூலையில் நிறைவேறி, செப்டம்பரில் சட்டமாயிற்று. குன்றுகளை ஆய்வு செய்யவும், நில உரிமையாளரிடம் வேலை வாங்கவும், தானே இறங்கிச் சரிசெய்யவும் தனி ஆணையம் 2027-இல் அமையவேண்டும் என்கிறது அது. லண்டன் அரசும் 2025 ஜூனில் மூன்றாண்டுக்கு 11.8 கோடி பவுண்டு ஒதுக்கியது. முழு வேலைக்கு 10, 15 ஆண்டுகளில் 60 கோடி வேண்டும் என்பது வேல்ஸ் அரசு முன்பே சொல்லியிருந்த கணக்கு.

மெர்த்திர் வேல் சுரங்கம் 1989-இல் மூடப்பட்டது. எதற்குப் பயந்து எஸ்.ஓ. டேவிஸ் பேசாமல் இருந்தாரோ, அது அவர் பேசாமல் இருந்தும் நடந்தது. பள்ளி இருந்த இடத்தில் இப்போது நினைவுத் தோட்டம். மேலே மலையில், குன்றுகள் நின்ற சரிவில் புல் முளைத்திருக்கிறது.