புதிய சிறுநீரகத்துக்கு வலிக்காது

மாற்றுச் சிறுநீரகத்தைப் பொருத்தும்போது தமனி, சிரை, சிறுநீர்க்குழாய் ஆகிய மூன்றையும் தைத்து இணைக்கிறார்கள். நரம்புகளை யாரும் இணைப்பதில்லை. கொடையாளரின் உடலிலேயே அவை அறுந்துவிடுகின்றன. ஆகவே வலியைச் சொல்ல வாயில்லாத உறுப்பாகத்தான் அது புதிய இடத்துக்கு வந்து சேர்கிறது. (பிற்பாடு உடல் அதை நிராகரித்து, அது வீங்கிப் பக்கத்துத் திசுக்களை அழுத்தினால் வலி தெரியலாம், அது வேறு கதை.) இந்த அறுவைக்குப் பிறகு எந்த நரம்புத்தடை ஊசி சிறந்தது என்று மயக்க மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஒப்பிட்டு வருகிறார்கள். அந்த ஒப்பீட்டில் இந்த எளிய உண்மைக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் கருத்து. வலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்டால், எந்த ஊசி என்ற கேள்வி பாதி சுருங்கிவிடும்.

ஊசி எதற்கு, வலி மாத்திரை போதாதா என்று கேட்கலாம். மற்ற அறுவைகளில் கைகொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை இங்கே சிக்கலானவை. டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் வகையறாக்கள் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்தமனியை விரிந்த நிலையில் வைத்திருக்கும் சுரப்பைத் தடுக்கின்றன. நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் அதே நுண்தமனியைச் சுருக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் இப்போதுதான் ரத்தம் பாயத் தொடங்கிய உறுப்பு திணறும். மார்பினின் குறை வேறு மாதிரி. கல்லீரல் அதை மாற்றி உருவாக்கும் பொருள்களில் ஒன்று மார்பினைப் போலவே வீரியமானது, வெளியேற வேண்டிய வழியோ சிறுநீர். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் சில வேளை உடனே வேலை செய்யாது. மறுபடி டயாலிசிஸ் தேவைப்படும் அந்த நாள்களில் இந்தப் பொருள் ரத்தத்தில் தேங்கி, தூக்கத்தை ஆழமாக்கி மூச்சைத் தணிக்கும். பெத்திடின் தேங்கினால் வலிப்பே வரலாம். மிஞ்சுபவை பாரசிட்டமாலும், கல்லீரலே பெரும்பாலும் சிதைத்துவிடும் ஃபென்டனிலும். முதுகுத்தண்டில் எபிடியூரல் கொடுத்தால் வலி நன்றாகவே அடங்கும். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கும். புதிய சிறுநீரகத்துக்கு அது ஆகாது. நெடுநாள் சிறுநீரகச் செயலிழப்பில் ரத்தத் தட்டணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. டயாலிசிஸின்போது கொடுத்த ஹெப்பாரினும் சேர்ந்துகொண்டால் தண்டுவடத்தின் அருகே ரத்தக்கட்டு உருவாகும் அபாயம் உண்டு.

எனவே வயிற்றுச் சுவரை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசிகள் நுழைந்தன. பெரும்பாலும் அடிவயிற்றின் வலப்பக்கத்தில், இடுப்பெலும்புக்கு மேலே வளைவாகக் கீறி, தசை அடுக்குகளைப் பிரித்து, குடல்பையைத் திறக்காமல் ஒதுக்கிவிட்டுச் சிறுநீரகத்தை வைக்கிறார்கள். அந்தச் சுவருக்கான நரம்புகள் உள்ளிருக்கும் இரண்டு தசை அடுக்குகளுக்கு இடையே ஓடுகின்றன. அங்கே மருந்தைப் பரப்புவதுதான் டேப் பிளாக். 2001இல் ராஃபி என்ற மருத்துவர் அதை இடுப்பின் பக்கவாட்டில் விரலால் தடவி இடம் கண்டு போடும் முறையாக விவரித்தார். பிறகு அல்ட்ராசவுண்ட் வந்து விரலின் வேலையை எடுத்துக்கொண்டது. பிளாங்கோ 2007இல் இன்னும் பின்னால், முதுகை ஒட்டிய சதுரத் தசையின் ஓரத்துக்கு ஊசியைக் கொண்டுபோனார். அது க்யூஎல் பிளாக். 2016இல் ஃபொரேரோவும் சகாக்களும் முதுகெலும்பின் பக்க முனைக்கு மேல், முதுகை நிமிர்த்தும் தசையின் அடியில் மருந்தைச் செலுத்தினார்கள். அது இஎஸ்பி பிளாக்.

பின்னால் போகப் போக வாக்குறுதி பெரிதாகிறது. மருந்து முதுகெலும்பின் ஓரத்துக்குக் கசிந்து உள்ளுறுப்பு வலியையும் அடக்கும் என்பதே க்யூஎல், இஎஸ்பி இரண்டின் தனிச்சிறப்பாகச் சொல்லப்படுகிறது. சடலங்களில் சாயம் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில் அந்தக் கசிவு ஒரே சீராக இல்லை. சிலவற்றில் போய்ச் சேர்ந்தது, சிலவற்றில் சேரவில்லை. சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அறுவையின் மையத்தில் இருக்கும் உறுப்புக்கு நரம்பே இல்லாதபோது, எந்த உறுப்பின் வலியை அடக்கப் போகிறோம்? குடலையோ பித்தப்பையையோ தொடும் அறுவையில் இந்த வாதம் வலுவானது. இங்கே வலியின் பெரும்பகுதி சுவரின் வலி.

இதற்கு எதிராக வலுவான சான்று ஒன்று இருக்கிறது. 2012இல் வெளியான அயர்லாந்து ஆய்வில், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு டேப் பிளாக் போட்டும் மார்பின் தேவை குறையவில்லை. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதிலிருந்து ‘சுவரை மட்டும் மரக்கச் செய்தால் போதாது’ என்ற முடிவுக்குத் தாவவும் கூடாது. விலாப்பக்கத் தோலுக்குப் போகும் கிளை நரம்புகள், வழக்கமாக டேப் ஊசி இறங்கும் இடத்துக்கு முன்பே பிரிந்து போய்விடுகின்றன. கீறல் விலாப்பக்கம் மேலேறிப் போயிருந்தால் அந்த முனை மரக்காமலே நிற்கும். ஊசியைச் சற்றுப் பின்தள்ளிப் போடுவதே அதற்கு நேரான தீர்வு. அதற்காக முதுகெலும்பு வரை போக வேண்டியதில்லை. இன்னொன்று, ஒப்பீடுகளில் காட்டப்படும் வேறுபாடு நோயாளிக்கு உறைக்கும் அளவுதானா என்பது. பத்துக்குள் சொல்லும் வலி மதிப்பெண்ணில் சுமார் ஒரு புள்ளியாவது குறைந்தால்தான் நோயாளி வித்தியாசத்தை உணர்கிறார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அரைப்புள்ளி வெற்றி புள்ளியியலுக்கு வெற்றி. கட்டிலில் கிடப்பவருக்கு அல்ல.

வலி மதிப்பெண் நெருங்கி நிற்கும்போது அபாயமே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். க்யூஎல் ஊசியில் ஆழமான வகை, அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்த முடியாத இடத்தில் இறங்குகிறது. மருந்து இடுப்பு நரம்புப் பின்னலுக்குக் கசிந்தால் தொடைத் தசை தளரும். மறுநாளே எழுந்து நடக்க வேண்டியவருக்கு அது இடைஞ்சல். இஎஸ்பி மேலோட்டமானது, எலும்பே ஊசிக்கு அரணாக நிற்கிறது. ஆனால் நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பியாக வேண்டும். டேப் பிளாக்கை மல்லாந்த நிலையிலேயே, அறுவை முடிந்த கையோடு போட்டுவிடலாம். எதைப் போட்டாலும் புபிவகைன், ரோபிவகைன் அளவை உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும். ரத்தத்தில் அமிலம் கூடியிருந்தால் நச்சின் ஆபத்தும் கூடும். அறுவை மருத்துவரே காயத்தின் ஓரங்களில் மருந்து செலுத்தினால் போதாதா என்பவர்களுக்கு என் பதில்: அல்ட்ராசவுண்டும் தேர்ந்த கையும் இல்லாத இடத்தில் அதைச் செய்வது நல்லதே, ஆனால் அதன் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இந்த ஊசிகள் எதற்கும் பெரிதாக அடங்காத வலி ஒன்று மிச்சமிருக்கிறது. சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையில் தைத்த இடம் ஆறும்வரை, சில நாள்களுக்குச் சிறுநீரை வடிக்கும் டியூப் பைக்குள்ளேயே இருக்கும். சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல் அதைவிட நீண்ட காலம் இருக்கும். அடிவயிற்றில் முட்டுகிறது, எரிகிறது, மூத்திரம் வருவதுபோலவே இருக்கிறது என்று நோயாளி சொல்வது இதைத்தான். ‘வலி எவ்வளவு?’ என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் காயத்தின் வலியும் டியூபின் எரிச்சலும் ஒரே எண்ணில் கலந்து பதிவாகும். வேலை செய்த ஊசியும் தோற்றதாகவே தெரியும். செவிலியர் அந்த எண்ணைப் பார்த்து மார்பினைக் கூட்டுவார், எரிச்சல் அப்படியே இருக்கும். சிறுநீர்ப்பையின் துடிப்பைத் தணிக்கும் மருந்து வேறு வகை. இரண்டையும் தனித்தனியே கேட்டுக் குறிக்காத ஆய்வுகளை வைத்து ஊசிகளைத் தரவரிசைப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இவ்வளவும் பெற்றவரின் வலி. சிறுநீரகத்தைக் கொடுத்தவருக்குச் சுவரோடு உள்ளேயும் வலிக்கும். ஊசிக் கணக்கு அங்கே மாறும். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.