குடிமயக்கமா, சர்க்கரைக் குறைவா?

நமது கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் முந்திரித் தோப்பிலும் கடலைக் கொல்லையிலும் பகல் முழுவதும் வெயிலில் உழைப்போர் பலர். அவர்களுள் நீரிழிவு உடையவர்களும் உண்டு; மாலையில் மது அருந்துவோரும் உண்டு. இவ்விரண்டும் ஒருவரிடமே கூடுமாயின் நேரக்கூடிய அபாயத்தை ஊராட்சி அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

நீரிழிவு பட்டணத்தாரின் வியாதி என்ற எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் இந்நோய் உடையவர்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே நீரிழிவு மாத்திரைகள் கிராமத்து வீட்டு வாசலுக்கே வந்தன. மாத்திரை உண்பவர் மது அருந்தினால் உடலில் என்ன நிகழும்? அதை முதலில் காண்போம்.

ஈரல் என்னும் குதிர்

அறுவடை நெல்லைக் குதிரில் சேர்த்து வைத்து, வேண்டும்போது எடுத்துக் கொள்கிறோம். உண்ட உணவின் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈரல் அவ்வாறே சேமித்து வைக்கிறது. பசித்திருக்கும் நேரத்தில் அதனைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. சேமிப்புத் தீர்ந்தால் புதிதாகச் சர்க்கரையை உண்டாக்கியும் தருகிறது.

மது உள்ளே சென்றதும் ஈரல் அந்த நஞ்சை மாற்றி அகற்றும் வேலையில் ஈடுபடுகிறது. அவ்வேளையில் புதிய சர்க்கரை உண்டாவது தடைப்படுகிறது. ஆனால் போட்டுக்கொண்ட இன்சுலினோ, உண்ட கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ தன் வேலையை நிறுத்துவதில்லை. இரத்தச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்து, மதியம் அரை வயிறு உண்டவருக்குக் குதிர் முன்பே காலியாகியிருக்கும். அவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவிற்கு இறங்கிவிடக்கூடும். இது குடித்த உடனேதான் நேரும் என்பதில்லை. நள்ளிரவு உறக்கத்திலோ, மறுநாள் காலையிலோகூட நேரலாம்.

மெட்ஃபார்மின் மட்டும் உண்பவருக்கு இவ்வபாயம் குறைவு. எனினும் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகி உயிருக்கே தீங்கு நேரலாம். இது அரிது, ஆனால் கொடிது. குடிப்பதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு.

தெருவில் விழுந்து கிடப்பவர்

சர்க்கரை இறங்கும்போது வியர்வை, நடுக்கம், தள்ளாட்டம், குழறிய பேச்சு, காரணமற்ற கோபம், பின்பு மயக்கம் உண்டாகும். இவற்றுட் பல குடிமயக்கத்தின் அறிகுறிகளே என்பதில்தான் பெரும் ஆபத்து உள்ளது. வாயில் மது வாடையும் வீசினால், “குடித்துவிட்டுக் கிடக்கிறான், தெளிந்ததும் எழுந்து போவான்” என்று ஊரார் விலகிச் செல்வர். சில மணி நேரத்தில் அவர் மூளை பழுதுறலாம், உயிரும் போகலாம்.

ஆகவே விழுந்தவர் நீரிழிவு உடையவர் எனத் தெரிந்தால் சர்க்கரைக் குறைவு என்றே எண்ணிச் செயற்பட வேண்டும். நினைவோடு விழுங்கக் கூடியவராயின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கலாம். 15 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் மீண்டும் கொடுத்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். தெளிந்தபின் சோறோ இட்லியோ உண்ணச் செய்தல் வேண்டும். ஒருவேளை அது வெறும் குடிமயக்கமே ஆயினும் இச்சிறிதளவு சர்க்கரையால் பெருந்தீங்கு வராது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது; புரையேறும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தலையில் நீர் ஊற்றுவதும், மோர் கொடுப்பதும் இறங்கிய சர்க்கரையை ஏற்றா.

அளவு எது?

மது எந்த அளவிலும் தீங்கற்றது அன்று என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. எனவே குடியாமையே உத்தமம். நீரிழிவு உடைய ஆண்கள் நாளொன்றுக்கு 28 கிராம் சாராயச் சத்தையும், பெண்கள் 14 கிராமையும் மீறலாகாது என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கூறும் வரம்பு. ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்று கருதப்படும் 180 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் இருக்கிறது. அதாவது, சிறிதென எண்ணும் அளவே வரம்பின் இருமடங்கைக் கடந்து நிற்கிறது.

பழக்கத்தை இன்னும் விடாதவர் சிலவற்றையேனும் கடைப்பிடிக்க வேண்டும். வெறும் வயிற்றிலும், கடும் உழைப்பு முடிந்த கையோடும் குடித்தல் கூடாது. உடனிருப்பவரிடம் தம் நோயைச் சொல்லி வைக்க வேண்டும். உண்ணாமல் உறங்கலாகாது, இயலுமாயின் படுக்குமுன் சர்க்கரையைப் பரிசோதித்துக் கொள்ளுதல் நலம். இரவில் தனியே மோட்டார்க் கொட்டகைக்கோ கிணற்றடிக்கோ செல்லலாகாது. கால் மரத்துப் போனவரும், ஈரல் அல்லது கணைய நோய் உடையவரும், அடிக்கடி சர்க்கரை இறங்குபவரும், கருவுற்ற பெண்களும் மதுவை அறவே விலக்க வேண்டும். நீரிழிவைப் போலவே மதுவும் நரம்பைக் கெடுக்கும். காலில் முள் தைத்ததும் தெரியாது, புண்ணானதும் தெரியாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடுமாதலால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் யோசனைப்படி நிறுத்துவதே நன்று.

அங்கத்தினர்களின் கடமை

ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பகுதியில் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்வோரின் வீட்டாரிடம் இச்செய்தியை நேரில் கூறலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, முதலுதவியைச் செய்து காட்டச் சொல்லலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. விழுந்து கிடப்பவரைக் கண்டு முகஞ்சுளித்து அகலாமல், அருகே சென்று, “இவருக்குச் சர்க்கரை உண்டா?” என்று கேட்கும் பழக்கம் ஊரில் ஏற்படுமாயின், ஒரு குடும்பத்தின் உழைப்பாளி காப்பாற்றப்படுவார்.