தாய்வழி வந்த முடிச்சுகள்

என் அம்மாவுக்கு இரண்டு கைகளிலும் விரல் நுனியை ஒட்டிய கணுக்கள் பட்டாணி அளவுக்குப் புடைத்திருக்கும். சுட்டுவிரலின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருக்கும். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையை ஒட்டிய உப்பளங்களில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேலை பார்த்தவர் அவர். யாராவது கையைப் பார்த்துக் கேட்டால், "உப்பு அரிச்ச விரல்டி இது" என்பார். ஊரும் அதைத்தான் சொன்னது.

அதே உப்பளத்தில் அம்மாவைவிட அதிக வருடம் உப்பு வாரியவர் என் அத்தை. எழுபது தாண்டிய பிறகும் அவருடைய விரல்கள் நேராக இருந்தன. அம்மாவின் அக்கா தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். பெரியப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பெரியம்மா ஒரு நாளும் உப்புப் பாத்தியில் இறங்கியதில்லை. அவருக்கோ அம்மாவுக்கு இருந்த அதே முடிச்சுகள், அதே விரல்களில். உப்புதான் காரணமென்றால் அத்தைக்கு வந்திருக்க வேண்டும், பெரியம்மாவுக்கு வந்திருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடித்துப் பிழைத்த எனக்கு ஐம்பது கடந்ததும் வந்ததே, அதற்கு எந்த உப்பைக் குற்றம் சொல்வது?

இதை மருத்துவர்கள் கைவிரல் மூட்டுத் தேய்மானம் என்கிறார்கள். சித்த மருத்துவத்தில், மூட்டுத் தேய்மானத்தை அழல் கீல்வாயுவோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம்தான். மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெலிந்துபோகிறது. அதற்கு ஈடுகட்டுவதுபோல ஓரங்களில் புது எலும்பு வளர்கிறது. வெளியே முடிச்சாகத் தெரிவது பெரும்பாலும் அந்தப் புது எலும்புதான். நுனிக் கணுவில் வரும் முடிச்சுக்கு ஹெபர்டன் முடிச்சு என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இதைக் கவனித்து எழுதி வைத்தார். அவர் இறந்த மறு வருடம், 1802இல், மகன் அந்தக் குறிப்புகளைப் புத்தகமாக வெளியிட்டார். கவுட் என்னும் யூரிக் ஆசிட் வாதத்திலிருந்து இது வேறு என்று அன்றே சொன்னவர் அவர். நடுக் கணுவில் வந்தால் பூஷார் முடிச்சு. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்திலும் தேய்மானம் வரும். அங்கே வந்தால்தான் தொல்லை அதிகம். பாட்டில் மூடி திறக்க முடியாது, முறுக்கு அச்சைப் பிழிய முடியாது, ஈரத்துணியை முறுக்க முடியாது.

குடும்பத்தில் ஓடும் நோய் இது என்று முதலில் எண்ணிக்கையோடு காட்டியவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பணியாற்றிய ராபர்ட் ஸ்டெக்கர். 1940களில் அவர் நோயாளிகளின் உறவினர் கைகளையும் பார்த்தார். முடிச்சு உள்ள பெண்களின் தாய்மார்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கும், அக்கா தங்கைகளுக்கு மூன்று மடங்கும் அது இருப்பதைக் கண்டார். ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று அவர் கருதினார். பிற்கால ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. ஆனால் தாய்க்கும் மகளுக்கும் அக்காளுக்கும் தங்கைக்கும் உள்ள அந்தத் தொடர்பு அப்படியே நிற்கிறது.

ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே சாப்பாடு சாப்பிட்டிருப்பார்கள், ஒரே வேலையைச் செய்திருப்பார்கள், அதனால் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொன்னது 1996இல் லண்டனில் டிம் ஸ்பெக்டர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டைப் பெண்கள் 130 ஜோடி, தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து பிறந்த இரட்டைப் பெண்கள் 120 ஜோடி. எல்லோரும் 48 முதல் 70 வயதுக்காரர்கள். கைகளையும் முழங்கால்களையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். முதல் வகை ஜோடிகளில் ஒருத்திக்கும் மற்றவளுக்கும் இருந்த ஒற்றுமை மிக அதிகம். பரம்பரையின் பங்கு 39 முதல் 65 சதவீதம் என்று கணக்கு வந்தது.

இந்த எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் நிறைய. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வர 65 சதவீத வாய்ப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. ஓர் ஊரில் சிலருக்குத் தேய்மானம் அதிகம், சிலருக்குக் குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை. மனிதருக்கு மனிதர் காணும் அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி பிறப்போடு வந்தது என்பதே பொருள். மீதிப் பாதியில் வயது, மாதவிடாய் நிற்பது, உடல் எடை, பழைய அடி, கை செய்த வேலை எல்லாம் அடங்கும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கும் இது வரும். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மாவட்டத்தில் கணக்கெடுத்தபோது, 85 வயதுக்குள் பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கும் ஆண்களில் நான்கில் ஒருவருக்கும் வலியோடு கூடிய கைவிரல் தேய்மானம் வரக்கூடும் என்று தெரிந்தது.

மரபணுக்களில் எது என்ற தேடல் ஐஸ்லாந்தில் சூடு பிடித்தது. வம்சாவளிப் பதிவுகள் நூற்றாண்டுக்கணக்கில் இருக்கும் சின்ன நாடு அது. 2014இல் அங்குள்ள டிகோட் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், கடுமையான கைவிரல் தேய்மானத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைச் சொன்னார்கள். ஏஎல்டிஎச்1ஏ2 என்பது அதன் பெயர். வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தை உடல் தயாரிக்க உதவுவது அதன் வேலை. அந்த அமிலம் மூட்டுக்குள் குறைந்தால் அழற்சி கூடுகிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக வைட்டமின் ஏ மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். அளவு மீறினால் கல்லீரல் கெடும். 2021இல் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை அலசிய பன்னாட்டு ஆய்வு, மூட்டுத் தேய்மானத்தோடு தொடர்புடைய 100 மரபணு மாற்றங்களைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அந்த லட்சக்கணக்கானோரில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் ஊர்ப் பெண்களின் ரத்தத்திலும் இதைத் தேட வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியானால் வேலைக்குப் பங்கே இல்லையா? உண்டு. அதைக் காட்டியதும் அதே ஸ்டெக்கர்தான். நரம்புப் பாதிப்பால் ஒரு கை செயலிழந்தவர்களை அவரும் கார்னோஷ் என்பவரும் 1947இல் ஆராய்ந்தார்கள். அசையும் கையில் முடிச்சுகள் வந்தன. செயலிழந்த கை தப்பியது. இரண்டு கைக்கும் ஒரே ரத்தம், ஒரே பரம்பரை. சீனாவின் பெய்ஜிங்கில் நடந்து 2004இல் வெளியான ஆய்விலும், சாப்பாட்டுக் குச்சி பிடிக்கும் கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூட்டுகளில் தேய்மானம் சற்றே கூடுதலாக இருந்தது. ஆக, வித்து தாய்வழியோ தந்தைவழியோ வருகிறது, உழைப்பு அதை முளைக்க வைக்கிறது. அம்மா சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மறு பாதியைச் சொல்ல அன்று அவருக்கு யாரும் இல்லை.

எனக்கு வருத்தமெல்லாம் அந்த மறு பாதியைப் பற்றித்தான். "ஈரத்துல கை வெச்சுக்கிட்டே இருந்தா இப்படித்தான் ஆகும்", "சொடக்கு எடுக்காதேன்னு சொன்னேனே", "புளியைக் குறைச்சிருந்தா வந்திருக்காது" என்று எத்தனை பேச்சு கேட்டிருப்பார் அம்மா! இன்று சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் மகளைப் பார்த்து, "எப்பப் பார்த்தாலும் செல்போன்" என்கிறார்கள். நோயாளியின் பழக்கத்தில் குற்றம் தேடுவது நம் வீடுகளில் வைத்தியத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பெண்கள் அதை நம்பி, தங்களைத் தாங்களே நொந்துகொண்டு, வலியைச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

எனக்கு முதலில் தெரிவித்தது மோதிரம். அம்மா கொடுத்த நெளி மோதிரம் நடுக் கணுவில் சிக்கிக்கொண்டது. சோப்பு, தேங்காய் எண்ணெய் எதற்கும் அசையவில்லை. ஆசாரி சின்னக் கத்தரியால் நெளிவின் ஓரமாக வெட்டி, இரண்டு முனையையும் மெல்ல விரித்து எடுத்தார். கணு சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. அந்த வீக்கமும் வலியும் பல மாதம் இருக்கும், பிறகு வலி அடங்கும், முடிச்சு மட்டும் நிற்கும் என்று மருத்துவர் சொன்னார். அப்படித்தான் ஆனது. உங்கள் விரல் கணு வீங்க ஆரம்பித்தால், மோதிரத்தை அன்றே கழற்றி வைத்துவிடுங்கள்.

விரல் வலியெல்லாம் தேய்மானம் அல்ல. முடக்குவாதம் பெரும்பாலும் விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளையும் மணிக்கட்டையும் பிடிக்கும். காலையில் கை மடக்க வராமல் ஒரு மணி நேரம்கூட இழுக்கும். தேய்மானத்தில் அந்த விறைப்பு பொதுவாக அரை மணிக்குள் விடும். தோலில் செதில், நகத்தில் குழி இருந்தால் சொரியாசிஸ் மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும். முடக்குவாதத்துக்குச் சீக்கிரம் மருந்து தொடங்காவிட்டால் மூட்டு அழிந்துவிடும். அதனால், "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. கேளம்பாக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. வலிக்கு முதலில் மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் போதும். வெந்நீர் அல்லது மெழுகு ஒத்தடம், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் விரல் பயிற்சி, கட்டைவிரல் அடிக்கு ஒரு பட்டை, இவை கைகொடுக்கும். நகத்துக்குப் பக்கத்தில் ஜெல்லி போன்ற நீர்க்கட்டி வந்தால் ஊசியால் குத்தாதீர்கள். கிருமி மூட்டுக்குள்ளேயே போய்விடும். லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடிகளைத் தொடாதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

விரலைக் காட்ட மருத்துவரிடம் போகும்போது, உங்கள் தாய், பாட்டி, பெரியம்மா, சித்தி, அத்தை இவர்களில் யாருக்கெல்லாம் முடிச்சு இருந்தது, எந்த வயதில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே காட்டாத செய்தி அது.